டோனவன் கிளிங்கன் முதல் ஐவரில் நிலைப்பாரா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2024-25 சீசன் முடிந்ததும் சிறந்த புதுமுகங்கள் என்று பத்துப் பேரை அறிவித்தார்கள். அதில் ஐந்து பேர் ரிங்கின் பக்கத்தில், சென்டர் இடத்தில் ஆடுகிற நெட்டை ஆட்கள்: மெம்பிஸின் ஜாக் ஈடி, வாஷிங்டனின் அலெக்ஸ் சார், நியூ ஆர்லியன்ஸின் ஈவ் மிஸ்ஸி, மயாமியின் கெலெல் வேர், போர்ட்லாண்டின் டோனவன் கிளிங்கன். சரிபாதி. தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஷாட் பெருகிப்போனதால் பெரிய உடம்புக்காரர்களுக்கு இனி இடமில்லை என்று கொஞ்ச காலத்துக்கு முன்புவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்த லீகில் இப்படி நடந்திருக்கிறது. புதுமுகப் பட்டியலில் பெயர் வருவது ஒரு விஷயம். நான்கைந்து வருடம் கழித்தும், ஆட்டம் தொடங்கும்போது முதல் ஐவரில் ஒருவராக நடுவட்டத்தில் பந்துக்குக் குதிக்கிற ஆளாக இருப்பது வேறு விஷயம்.

கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் இந்த ஐவரில் கிளிங்கனைத்தான் அதிகம் பேசுகிறார்கள். போர்ட்லாண்டில் இரவு 7 மணிக்கு ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே காலை 8:30. கோயம்புத்தூர் பஸ்ஸிலும் பாலக்காடு பஸ்ஸிலும் காலேஜ் போகிறவர்கள் போனில் பாதி ஆட்டத்தைப் பார்த்துவிடுகிறார்கள். சாயங்காலம் கோர்ட்டில் கூடினால், “ஏனுங்ண்ணா, இவன் தாங்குவானா?” என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர்களில் ஒன்றிரண்டு பேர் அவர்களே நெட்டை. அவர்கள் கேட்பதில் கிளிங்கன் மட்டும் இல்லை என்பது தெரியும். அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளிங்கன் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊர்க்காரர். உயரம் 7 அடி 2 அங்குலம். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கே ஆடினார். 2023, 2024 இரண்டு வருடமும் அந்த அணிதான் தேசிய சாம்பியன். முதல் வருடம் அடாமா சனோகோ என்ற சீனியருக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து வந்தார். இரண்டாம் வருடம்தான் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில் இல்லினாய்க்கு எதிராக ஆடிய ஆட்டத்தை இன்றும் யூடியூபில் தேடிப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் கனெக்டிகட் தொடர்ந்து 30 புள்ளி எடுத்தது. எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை. கிளிங்கன் கை நீட்டி எதிர்த்து நின்ற 19 ஷாட்டில் ஒன்றும் உள்ளே போகவில்லை. அவருக்கு 22 புள்ளி, 10 ரீபவுண்ட் (விழாத ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 5 பிளாக் (ஷாட்டைத் தட்டிவிடுவது). அந்த ஜூன் மாதம், புது ஆட்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் போர்ட்லாண்ட் அவரை ஏழாவதாக எடுத்தது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அவ்வளவு ஆதிக்கம் செலுத்திய அந்த வருடத்தில்கூட கிளிங்கன் ஆட்டத்துக்குச் சராசரியாக 22 நிமிடத்துக்குச் சற்றுமேல்தான் கோர்ட்டில் இருந்தார். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். என்.பி.ஏ.வில் முதல் சீசனில் 67 ஆட்டம் ஆடினார், அதில் 37-ல் முதல் ஐவரில் இறங்கினார். ஆனாலும் சராசரி 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் 6.5 புள்ளி, 7.9 ரீபவுண்ட், 1.6 பிளாக். நிமிடக் கணக்கில் பார்த்தால் பிரமாதம். ஆனால் முதல் ஐவரில் நிலையான சென்டர் என்றால் 30 நிமிடத்தை ஒட்டி ஆட வேண்டும், அதுவும் 82 ஆட்டச் சீசன் முழுக்க. அந்தப் பாரத்தை அவர் அதுவரை சுமந்ததே இல்லை. 20 நிமிடத்தில் செய்ததை ஒன்றரையால் பெருக்கிப் போட்டால் 30 நிமிடத்தின் விடை வந்துவிடும் என்று நினைப்பது தவறு. பெஞ்சிலிருந்து வருகிறவர் முழு மூச்சையும் பத்துப் பத்து நிமிடமாகச் செலவழிக்கலாம், எதிரே பெரும்பாலும் மாற்று ஆட்கள். முதல் ஐவர் என்றால் அப்படி இல்லை.

முதலில், இடம் எப்படிக் காலியாகிறது என்று பார்க்கலாம். ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஒரு சென்டர் போதும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகளை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஆட விடலாம். இரண்டு சென்டர்களைச் சேர்த்து விடுவது அரிது. அதனால் இளம் சென்டரின் தலைவிதியில் பாதி, அவருக்கு முன்னால் நிற்கும் ஆளின் கையில் இருக்கிறது. போர்ட்லாண்டில் அந்த ஆள் டியான்ட்ரே ஏட்டன், 2018 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2025 கோடையில் அணி அவருடைய ஒப்பந்தத்தைப் பேசி முடித்து அனுப்பிவிட்டது. அவர் லேக்கர்ஸுக்குப் போனார். 2025-26 சீசனைக் கிளிங்கன் முதல் ஐவரில் ஒருவராகவே தொடங்கினார்.

ரூடி கோபேர் கதையும் இதேதான். நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர், ஆனால் 2013-14-ல் யூட்டாவில் முதல் சீசன் ஆடிய 45 ஆட்டத்தில் ஒன்றில்கூட முதல் ஐவரில் இல்லை. இரண்டாம் சீசனின் பாதியில், 2015 பிப்ரவரியில், அவருக்கு முன்னால் இருந்த எனஸ் கான்டரை ஓக்லஹோமாவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த இடம் கோபேருடையது. ஐசையா ஹார்ட்டென்ஸ்டைன் இன்னும் நீளமாகக் காத்திருந்தவர். 2017-ல் 43-ஆவதாக எடுக்கப்பட்டு, ஹூஸ்டன், டென்வர், கிளீவ்லாண்ட், கிளிப்பர்ஸ் என்று சுற்றி நியூயார்க் வந்து, 2023 டிசம்பரில் மிட்செல் ராபின்சனுக்குக் காயம் பட்ட பிறகுதான் நிலையாக முதல் ஐவருக்குள் போனார். அடுத்த கோடையில் ஓக்லஹோமா அவருக்கு 3 வருடத்துக்கு 8.7 கோடி டாலர் கொடுத்தது, 2025-ல் சாம்பியன்.

கிடைத்த இடம் திரும்பப் போவதும் உண்டு. வாக்கர் கெஸ்லர் 2022-23-ல் யூட்டாவில் புதுமுகமாக 40 ஆட்டத்தில் முதல் ஐவரில் ஆடினார், சிறந்த புதுமுகங்களில் முதல் ஐந்து பேர் பட்டியலில் இடம் பிடித்தார். அடுத்த சீசன் அது 22 ஆட்டமாகக் குறைந்தது. மூன்றாம் சீசனில்தான் ஆடிய 58 ஆட்டத்திலும் முதல் ஐவர், ஆட்டத்துக்கு 12 ரீபவுண்டுக்கு மேல். டல்லஸில் டெரெக் லைவ்லிக்கும் முதல் சீசனிலேயே இது நடந்தது. 42 ஆட்டத்தில் முதல் ஐவரில் இருந்தவர், 2024 பிப்ரவரியில் டேனியல் காஃபர்ட் வந்த பிறகு பெஞ்சிலிருந்து வர ஆரம்பித்தார். லைவ்லி மோசமாக ஆடியதால் அல்ல. இரண்டு பேரையும் மாற்றி மாற்றி விட்டதில்தான் டல்லஸ் இறுதிப் போட்டி வரை போனது. பெரிய உடம்புக்காரர்களின் வளர்ச்சி மேலே போய்க் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுவதுதான். இரண்டாம் சீசனில் பெஞ்சுக்குப் போனவுடன் “முடிந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அவசரம் எனக்குப் புரியவே இல்லை.

சரி, இடம் காலியாகிவிட்டது. அதில் நிற்பதற்கு என்ன வேண்டும்? இதற்கு கோல்டன் ஸ்டேட் அணியில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

2020 டிராஃப்டில் இரண்டாவதாக ஜேம்ஸ் வைஸ்மேனை அந்த அணி எடுத்தது. 7 அடி, நீண்ட கை, குதிரை மாதிரி ஓட்டம். கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவர். கொரோனா வருடம் என்பதால் கோடை லீக்கும் நடக்கவில்லை. வந்த உடனே முதல் ஐவரில் இறக்கினார்கள். 39 ஆட்டத்தில் 27 முறை. ஆட்டத்துக்கு 11 புள்ளிக்கு மேல் எடுத்தார். தனியாக வெட்டி எடுத்த வீடியோக்களில் அவரைவிடச் சிறந்த இளம் சென்டர் இல்லை என்று தோன்றும். ஆனால் அவர் கோர்ட்டில் இருக்கும்போது அணி தடுமாறியது. அந்த அணியின் நட்சத்திரங்களான ஸ்டீஃபன் கரியும் டிரேமண்ட் கிரீனும் ஆடுகிற ஆட்டத்தில் யாரும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கரி எந்தப் பக்கம் வெட்டுவார், அவருக்கு எந்தக் கோணத்தில் ஸ்கிரீன் போட (உடம்பை நிறுத்தி எதிராளியை மறிக்க) வேண்டும், போட்டவுடன் எங்கே விலக வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். அது வைஸ்மேனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட நேரமும் இல்லை: 2021 ஏப்ரலில் முழங்காலில் காயம், அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை, 2023 பிப்ரவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த இடத்தைப் பிடித்தவர் கெவோன் லூனி. 6 அடி 9 அங்குலம்தான். 2015-ல் முதல் சுற்றின் கடைசி ஆள், 30-ஆவது. தொழில் தொடங்கிய வேகத்தில் இரண்டு இடுப்பு மூட்டிலும் அறுவை சிகிச்சை. குதிக்கவும் பெரிதாகக் குதிக்க மாட்டார். ஆனால் 2021-22, 2022-23 இரண்டு சீசனிலும் 82 ஆட்டத்தில் ஒன்றுகூட விடவில்லை. 2022 மே மாதம் மெம்பிஸைத் தோற்கடித்து அடுத்த சுற்றுக்குப் போன ஆட்டத்தில் 22 ரீபவுண்ட் எடுத்தார், அதில் 11 எதிரணி ரிங்குக்குக் கீழே. அந்த வருடம் அணி சாம்பியன். பந்து ரிங்கில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் ஆளை முதுகால் தள்ளி நிறுத்துவது, அதாவது பாக்ஸ் அவுட், அவருடைய மொத்த வித்தை. அது உயரத்தில் வருவதில்லை.

வைஸ்மேனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டதற்கு அவர் என்ன செய்வார்? மூன்று கல்லூரி ஆட்டத்தோடு வந்த பையனை, லீகிலேயே சிக்கலான ஆட்டமுறையில் நேராக இறக்கியது அணியின் முடிவு. இளம் சென்டருக்கு முதல் இரண்டு வருடம் எங்கே, யார் கீழே கிடைக்கிறது என்பது மற்ற எந்த இடத்தில் ஆடுகிறவரையும்விட அதிகமாக முக்கியம்.

ஏன் சென்டருக்கு மட்டும் இவ்வளவு? அதைப் புரிந்துகொள்ள ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும். எதிரணிக் கார்டு பந்தோடு வருகிறார். அவருடைய சென்டர் ஓடிவந்து நம் கார்டின் வழியில் உடம்பை நிறுத்துகிறார். நம் கார்டு அதில் சிக்கி அரை நொடி பின்தங்குகிறார். அந்த அரை நொடியில் நம் சென்டர் ஒருவரே இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறார்: ஒரு பக்கம் பந்து வைத்திருப்பவர், இன்னொரு பக்கம் ரிங்கை நோக்கி ஓடும் எதிரணி சென்டர். முன்னே போனால் தலைக்குமேல் பாஸ் போய்விடும். பின்னே நின்றால் கார்டு நின்று நிதானமாக ஷாட் அடிப்பார். ஒரு ஆட்டத்தில் இந்தச் சூழ்நிலை திரும்பத் திரும்ப வரும். என்.பி.ஏ. தாக்குதலின் அடிப்படையே இதுதான்.

கிளிங்கன் பெரும்பாலும் பின்வாங்கி நின்று காப்பவர். டிராப் என்று சொல்வார்கள். ரிங்கை மறைத்துக்கொண்டு, “நடுத்தூர ஷாட் வேண்டுமானால் அடித்துக்கொள், உள்ளே வராதே” என்கிற முறை. அவர் அளவுள்ள உடம்புக்கு இது பொருத்தம், வழக்கமான சீசனில் நன்றாகவே எடுபடும். சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபில்தான் சிக்கல். ஒரே அணியை ஏழு ஆட்டம் வரை சந்திக்கும்போது எதிர்ப் பயிற்சியாளர் அந்த ஓட்டையிலேயே கை வைப்பார். 2021 ஜூனில் யூட்டாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கிளிப்பர்ஸ் சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தி ஆடியது. கோபேர் உள்ளே உதவிக்கு வந்தால் மூலையில் டெரன்ஸ் மேன் தனியாக நிற்பார். மேன் 39 புள்ளி எடுத்தார்; மூன்றாம் கால்பகுதியில் 25 புள்ளி பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131-119 என்று ஜெயித்தது. அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரரே கோபேர்தான். அன்றைக்கு யூட்டாவின் கார்டுகள் தங்கள் ஆளை முன்னாலேயே தடுத்திருந்தால் கோபேர் உள்ளே இழுபட்டிருக்க மாட்டார். ஆனால் பழி வந்து விழுந்தது நெட்டை ஆள் தலையில். இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் அதையும் தாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஃபவுல், அதாவது எதிராளியை விதிமீறி மோதுவது, பிடிப்பது. என்.பி.ஏ.வில் 48 நிமிடத்துக்கு 6 ஃபவுல்; அத்தனையும் வாங்கினால் ஆட்டத்தைவிட்டு வெளியே. நம் பள்ளி, கல்லூரி, மாநிலப் போட்டிகள் நடக்கிற சர்வதேச விதியில் 40 நிமிடத்துக்கு 5. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 8 நிமிடத்துக்கு ஒன்று. அதற்குள் அடங்கத் தெரியாத சென்டர் எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் முக்கியமான நேரத்தில் பெஞ்சில்தான் இருப்பார். முதல் கால்பகுதியில் இரண்டு ஃபவுல் வாங்கினால் பயிற்சியாளர் உடனே கூப்பிட்டுவிடுவார். எண்ணிப் பார்த்தால் இளம் சென்டர்களின் நிமிடத்தைத் தின்பது இதுதான், தவறிய ஷாட்டுகள் அல்ல. விதி ஒன்று அவர்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது: நின்ற இடத்தில் நேராக மேலே குதித்து, கையைச் செங்குத்தாக வைத்திருந்தால், எதிராளி வந்து மோதினாலும் அது தடுப்பவரின் ஃபவுல் ஆகாது. கை கொஞ்சம் முன்னே சாய்ந்தால் போச்சு. ஷாட்டைப் பார்த்ததும் தட்டிவிடத் துடிக்கிற கையை மடக்கி வைக்க ஒரு பையனுக்கு வருடக்கணக்கில் ஆகும். கிளிங்கன் பிளாக் பண்ணுவதைவிட, பிளாக் பண்ணாமல் நேராக நிற்பதைப் பாருங்கள் என்று நான் பையன்களிடம் சொல்வது இதனால்தான்.

தாக்குதல் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளிங்கனிடம் யாரும் 20 புள்ளி எதிர்பார்க்கவில்லை. நல்ல ஸ்கிரீன், எதிரணி ரிங்கின் கீழே ரீபவுண்ட், கைக்கு வந்த பந்தை வெளியே சரியான ஆளுக்குத் தள்ளுவது போதும். பலவீனம் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட். கல்லூரியிலும் முதல் என்.பி.ஏ. சீசனிலும் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார். நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணி வேண்டுமென்றே அவரைப் பிடித்து ஃபவுல் பண்ணினால் பயிற்சியாளருக்குத் தலைவலி. மூன்று புள்ளி ஷாட்டை முதல் சீசனிலேயே அவ்வப்போது எறிந்து பார்த்தார், அவ்வளவாக விழவில்லை. அடுத்த சீசனில் எறிவதைக் கூட்டினார். இது பயனில்லாத முயற்சி அல்ல. புரூக் லோபஸ் முதல் எட்டு சீசனில் மொத்தமே 3 மூன்று புள்ளி ஷாட் போட்டவர், ஒன்பதாவது சீசனில் மட்டும் 134. அந்தக் கையோடுதான் மில்வாக்கியில் 2021 சாம்பியன் அணியின் சென்டராக நின்றார்.

போர்ட்லாண்ட் ரசிகர்கள் இவ்வளவையும் யோசிப்பதற்கு முன்னால் கிளிங்கனின் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 1977-ல் அந்த ஊருக்கு இதுவரை கிடைத்த ஒரே சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்தவர் பில் வால்டன் என்ற சென்டர். அடுத்த வருடம் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. பாதம் உடைந்தது; 1978-79 முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வேறு அணிக்குப் போய்விட்டார். 1984-ல் இரண்டாவது தேர்வாக சாம் பூயி என்ற சென்டரை எடுத்தார்கள். மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டன். பூயியின் கால் எலும்பு மறுபடி மறுபடி முறிந்தது. 2007-ல் முதல் தேர்வாக கிரெக் ஓடன், இரண்டாவதாக சியாட்டிலுக்குப் போனவர் கெவின் டுராண்ட். ஓடன் முழங்கால் அறுவை சிகிச்சைகளுக்கு நடுவில் போர்ட்லாண்டுக்காக ஆடியது மொத்தம் 82 ஆட்டம், அதாவது ஒரு சீசன் அளவு. வால்டன் 2024 மே கடைசியில் காலமானார். ஒரு மாதம் கழித்து அதே அணி கிளிங்கனை எடுத்தது. கிளிங்கனுக்கும் கல்லூரியிலேயே பாதத்தில் காயம் வந்திருக்கிறது.

7 அடிக்கு மேல் உள்ள உடம்பில் பாதமும் முழங்காலும் முதலில் போவதற்குக் காரணம் எளிது. எடை மேலே, தாங்குகிற எலும்பு சின்னது, ஒவ்வொரு குதியிலும் இறங்கும்போது அதன் பலமடங்கு பாரம் அந்த எலும்பில் விழுகிறது. யாவ் மிங் எட்டு சீசன் ஆடிவிட்டு 2011-ல் ஓய்வு பெற்றதும் இதே காரணத்தால். முதல் வருடம் கிளிங்கனுக்கு 20 நிமிடம் மட்டும் கொடுத்ததை ரசிகர்கள் திட்டினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

நம் பக்கம் வருவோம். பாலக்காடு மாவட்டத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் ஆறடியைத் தொட்டுவிட்டால் அவனைச் சுற்றிப் போட்டி நடக்கும். பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி போன்ற பள்ளிகள் கேரளப் பள்ளித் தடகளத்தில் பெயர் வாங்கியவை. அதனால் இந்த மாவட்டத்தில் உயரம் என்றால் தாண்டுதலும் எறிதலும்தான் முதலில் ஞாபகம் வரும். அடுத்து வாலிபால்; ஜிம்மி ஜார்ஜ் பிறந்த மாநிலம் இது. கூடைப்பந்துக்கு மிஞ்சுவது குறைவு. கேரளத்தில் கூடைப்பந்து இல்லை என்று சொல்லவில்லை. இந்தியப் பெண்கள் அணியின் சென்டராக நின்ற கீத்து அன்னா ஜோஸ் கோட்டயம் பக்கத்துக்காரர், 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்றில் தேர்வுச் சோதனைக்குக் கூப்பிடப்பட்டவர். ஆனால் அந்த வலிமை எல்லாம் மாநிலத்தின் தெற்கிலும் நடுவிலும் இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் தமிழ் வழிப் பள்ளிகள் வரை அது வந்து சேரவில்லை.

எல்லைக் கிராமத்துப் பையனுக்கு இன்னொரு நெருக்கடி. படிப்பது கேரளப் பள்ளி, அதனால் உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று அந்த ஏணியில்தான் ஏற வேண்டும். நல்ல கூடைப்பந்து நடப்பதோ பஸ் ஏறினால் வந்துவிடுகிற கோயம்புத்தூரில். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கும்போது இங்கிருந்து போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. வங்கி அணிகளின் சென்டர்கள் எப்படி ஸ்கிரீன் போடுகிறார்கள், எப்படிக் கீழே இறங்குகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கும் ஒரு சாயங்காலம், போனில் பார்க்கிற பத்து ஆட்டத்துக்குச் சமம். அந்தக் கிளப்புகளில் தினமும் பயிற்சி எடுக்க முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். பள்ளி முடிந்து போய்த் திரும்ப நேரம் இல்லை.

இங்கே கற்றுக்கொடுக்கும் முறையிலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. நெட்டைப் பையனைப் பார்த்ததும் பி.டி. மாஷ் (உடற்பயிற்சி ஆசிரியர்) சொல்வது, “ரிங்குக்குக் கீழே நில்லு, கையைத் தூக்கு.” பள்ளி மட்டத்தில் அது ஜெயிக்கவும் செய்யும். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது: என்.பி.ஏ.வில் தடுப்பாட்டக்காரர் யாரையும் காக்காமல் ரிங்குக்கு முன்னால் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, சர்வதேச விதியில் அப்படித் தடை இல்லை. எனவே பையன் அங்கேயே நிற்கிறான், கோப்பை வருகிறது, கால் பழகவில்லை. அவனைவிட உயரமானவர்கள் இருக்கும் மாநில முகாமுக்குப் போனதும் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறான். பந்தைத் தரையில் தட்டவும், பக்கவாட்டில் சறுக்கி ஓடவும், நின்று பாஸ் போடவும் 13, 14 வயதில் குட்டையான பையன்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. இதை மாஷ்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கும் தெரியும். வருடாவருடம் உபஜில்லாவில் ஜெயித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

பஞ்சாப்பின் சத்னாம் சிங்குக்கும் கிளிங்கனின் அதே உயரம், 7 அடி 2 அங்குலம். 14 வயதில் ஃபுளோரிடாவில் பயிற்சிக்குப் போனவர், 2015-ல் டல்லஸ் 52-ஆவதாக எடுத்தது, என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். ஆனால் என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. டல்லஸின் துணை அணியோடு நின்றுபோனது. அதே 2015-ல்தான் கோல்டன் ஸ்டேட் உயரம் குறைந்த ஐவரை வைத்து சாம்பியன் ஆனது, லீக் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. பக்கவாட்டில் வேகமாக நகர முடியாத பெரிய ஆளுக்கு அதைவிட மோசமான வருடம் இருந்திருக்க முடியாது. அம்ரித்பால் சிங் இதற்கு எதிர்ப்பக்கம்: கபடி ஆடிக்கொண்டிருந்து, தாமதமாகக் கூடைப்பந்துக்கு வந்து, 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் வரை போனவர். கபடியில் பழகிய கால்தான் அவருக்குக் கை கொடுத்தது என்பது என் எண்ணம். வாலிபாலுக்கும் தடகளத்துக்கும் போன நம் பையன்களை நினைத்து நான் அவ்வளவாக வருத்தப்படாததும் அதனால்தான். கால் பழகியிருந்தால் 18 வயதிலும் வரலாம்.

இனி கிளிங்கன். வழக்கமான சீசனில் அவர் முதல் ஐவரில் நிலைப்பார் என்றே நினைக்கிறேன். காரணம், அவர் வாழ்வது ரீபவுண்டிலும் ரிங்கைக் காப்பதிலும். இந்த இரண்டும் ஒரு நாள் வந்து ஒரு நாள் போகிறவை அல்ல. முன்னால் இருந்த சீனியரும் போய்விட்டார். 2025 அக்டோபரில் சீசன் தொடங்கிய சூட்டோடு இடைக்காலமாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் டியாகோ ஸ்ப்ளிட்டரும் ஒரு சென்டர், 2014-ல் சான் அன்டோனியோவோடு சாம்பியன் ஆனவர். ஸ்கிரீனிலும் பாஸிலும் பெயர் எடுத்தவர் கீழே ஆடியது கிளிங்கனுக்குக் கிடைத்த வரம். 2025-26-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இன்னொரு சென்டர் அணியில் இருந்தாலும் அவருடைய முழங்கால் நீண்ட நேரம் ஆட விடவில்லை. 2025-ல் 16-ஆவதாக வந்த சீனாவின் யாங் ஹான்சென் பாஸ் போடுவதில் கெட்டிக்காரர், ஆனால் தடுப்பாட்டத்தில் கிளிங்கனுக்குப் பக்கத்தில் வர அவருக்கு நாள் பிடிக்கும்.

ஆட்டத்தைத் தொடங்கும் ஐவர் வேறு, முடிக்கும் ஐவர் வேறு. நான்காம் கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்தில், இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில், எதிரே நன்றாக மூன்று புள்ளி அடிக்கும் கார்டு பந்தோடு வரும்போது கிளிங்கன் கோர்ட்டில் இருக்கிறாரா, பெஞ்சில் இருக்கிறாரா என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதற்கு ஃப்ரீ த்ரோ 70 சதவீதத்தை நெருங்க வேண்டும். ஸ்கிரீனில் எப்போதும் பின்வாங்காமல், ஆளைப் பார்த்து ஓரடி முன்னே வந்து நின்றுவிட்டு, பிறகு ரிங்குக்குத் திரும்பிப் போகவும் பழக வேண்டும். காலையில் ஆட்டம் பார்க்கிறவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

போர்ட்லாண்டுக்கும் முடிவெடுக்கக் காலக்கெடு உண்டு. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தம் நான்கு வருடம். கடைசி இரண்டு வருடத்தைத் தொடரலாமா வேண்டாமா என்பது அணியின் கையில். மூன்று சீசன் முடிந்ததும் நீண்ட கால ஒப்பந்தம் பேசலாம். கிளிங்கனுக்கு அது 2027 கோடை. அந்த மேசையில் எழுதப்படும் தொகை, போர்ட்லாண்ட் அவரைத் தொடங்குகிறவராகப் பார்க்கிறதா, முடிக்கிறவராகவும் பார்க்கிறதா என்று சொல்லிவிடும்.